சகலையின் புயல்

நல்ல நேரத்தில் வீடு திரும்பியவனுக்கு இந்த உலகத்தில் சாட்சி கிடையாது.

புயலில் மாட்டி, தொப்பலாக நனைந்து, குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்து, குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொண்டு கரை சேர்ந்தவனைப் பாருங்கள். அவனுக்கு ஆயுள் முழுக்கச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை மறந்துவிட்டு அதைக் கேட்கிறார். அதே புயலுக்கு மூன்று மணி நேரம் முன்பாகவே கரையேறி, படகைக் கட்டி, உறை போட்டு மூடி, கைகால் கழுவிக் காபி குடித்தவனுக்கு என்ன கிடைக்கிறது? “இதுக்காகவா எங்கள அந்த விரட்டு விரட்டினீங்க?” என்ற ஒரே கேள்வி.

என் சகலை இந்த இரண்டாவது ரகம். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், க்ளீவ்லண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். க்ளீவ்லண்ட் என்றால் நம்மவர்களுக்கு 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைதான் ஞாபகம் வரும். ஈஸ்டரை ஒட்டி ஊரே காஞ்சிபுரம் பட்டும் ஜோல்னாப் பையுமாக மாறும். பாட்டுக் கேட்கப் போகிற பலருக்கு அந்த ஊரின் வடக்கு எல்லை ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு என்பதே தெரியாது. சகலைக்கோ பாட்டு பிடிபடவில்லை, தண்ணீர் பிடித்துக்கொண்டது. வீட்டுக் கடனை அடைக்கும் முன்பே படகுக் கடன் வாங்கினார். இருபத்தோரு அடி மோட்டார் படகு. முன்பக்கம் உட்கார மெத்தை, பின்பக்கம் ஒரு எஞ்சின், நடுவில் ஸ்டீயரிங். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் சகலையின் முதுகு நேராகும். அலுவலகத்தில் அப்படி அவர் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

ஏரி என்றதும் நம் மனதில் வீராணமும் செம்பரம்பாக்கமும் வரும். மதகு, கரைமேல் பனைமரம், கோடையில் உள்ளே கிரிக்கெட். அந்த நினைப்போடு ஈரி ஏரியைப் பார்க்கப் போகக் கூடாது. பரப்பளவு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடலாம். நீளம் 388 கிலோமீட்டர். அக்கரை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது கனடா, பாஸ்போர்ட் கேட்பார்கள்.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஒரு குறை. ஆழம் கிடையாது. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளிலும் இதுதான் ஆழம் குறைந்தது. சுப்பீரியர் ஏரி 406 மீட்டர் வரை இறங்குகிறது. ஈரியின் சராசரி ஆழம் வெறும் 19 மீட்டர், மேற்கு ஓரத்தில் அதிலும் பாதிகூட இல்லை. ஆழம் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது நமது சுபாவம். உண்மை நேர்மாறு. குண்டானில் கிடக்கும் ரசத்தைக் கொஞ்சம் ஆட்டினால் அது அலட்டிக்கொள்ளாது. அதையே வாழை இலையில் ஊற்றுங்கள். இலையின் எந்த ஓரம் ஒரு நூல் சரிந்தாலும் மொத்த ரசமும் அந்தப் பக்கம் ஓடிப் பக்கத்து வேட்டியை நனைத்துவிடும். ஈரி ஏரி இலையில் ஊற்றிய ரசம்.

காற்று அரைமணி நேரம் ஒரே திசையில் அடித்தால் போதும், அது எழுந்துகொள்ளும். எழுவதும் மரியாதையாக எழாது. பெருங்கடலில் வரும் அலை நீளமானது. ஏறி இறங்கப் பத்துப் பன்னிரண்டு நொடி அவகாசம் கொடுக்கும். ஈரியில் நாலைந்து நொடிக்கு ஒன்று. குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக வரும். படகின் மூக்கு ஒரு அலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்து மோவாயில் குத்தும். காற்று மேற்கிலிருந்து பலமாக நீடித்தால் ஏரித் தண்ணீரே கிழக்கே பஃபலோ பக்கம் போய்க் குவிந்துவிடும். 2022 டிசம்பர் பனிப்புயலில் அப்படித்தான் ஆனது. டொலீடோ பக்கம் தண்ணீர் விலகி, ஏரியின் தரை வெளியே தெரிந்தது. காற்று நின்றதும் போன தண்ணீர் திரும்பி வரும். மீண்டும் போகும். இலைக் கணக்கேதான்.

இவையெல்லாம் சகலை எனக்குச் சொன்னவை. எனக்கு மட்டுமல்ல, அவர் வீட்டு விருந்தில் தட்டு ஏந்திய எல்லோருக்கும் சொன்னவை. 1913 நவம்பரில் நாலு நாள் அடித்த புயலில் பேரேரிகளில் 250 பேருக்கு மேல் போனது. 1975 நவம்பர் 10-ஆம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ராட்சதச் சரக்குக் கப்பல் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு முழுகியது. இரண்டையும் அவர் தேதி பிசகாமல் சொல்வார். மனைவியின் பிறந்தநாளைப் போன வருடம் மறந்தவர்.

படகில் ஒரு ரேடியோ உண்டு. அதில் இருபத்து நாலு மணி நேரமும் வானிலை வாசிக்கிற ஓர் இயந்திரக் குரல். கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே தொனியில் அறிவிக்கக்கூடிய குரல். சகலை அதைப் படகில் மட்டுமல்ல, குளிக்கும்போதும் கேட்பார். அதில் அவர் முக்கியமாகக் காத்திருப்பது ‘சிறு படகு எச்சரிக்கை’ என்ற ஒன்றுக்கு. பேரேரிகளில் காற்று 22 முதல் 33 நாட் வேகம் வரை போகும், அல்லது அலை நாலடியைத் தாண்டும் என்று தெரிந்தால் அதைக் கொடுப்பார்கள். எது சிறு படகு என்பதற்கு மட்டும் அளவு வைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம். காற்று அடிக்கும்போது அவனவனுக்கே தெரிந்துவிடும்.

அலைக் கணக்கில் இன்னொரு சூதும் இருக்கிறது. ‘அலை ஐந்தடி’ என்று குரல் சொன்னால் எல்லா அலையும் ஐந்தடி என்று அர்த்தமில்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. ஆகவே இரண்டடி, மூன்றடி அலைகளும் உண்டு. கூடவே ஒன்பதடிக்காரன் ஒருவன் எங்கோ வரிசையில் நிற்கிறான். எப்போது அவன் முறை வரும் என்பதை ரேடியோ சொல்லாது.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் மாமியார் தூத்துக்குடியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் தோணிக் கம்பெனியில் கணக்கெழுதியவர். அந்த ஒரு தொடர்பை வைத்துக்கொண்டு அத்தை கடல் சம்பந்தமான எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தையைத் தனக்கென்று வைத்துக்கொள்வார். தோணியில் ஏறியிருக்கிறாரா என்று கேட்டால், “ஏறணும்னு என்ன மாப்ள? வீட்டுல பேச்சே அதான்” என்பார். ஈரி ஏரியை முதலில் கரையிலிருந்து பார்த்தார். மோந்து பார்த்தார். உப்பு வாடை இல்லை. “கொளம்” என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார்.

சகலையின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் அத்தையைத் தீவுக்குக் கூட்டிப் போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வெர்மிலியன் என்ற சிற்றூரின் ஆற்றங்கரையில் படகைக் கட்டி வைத்திருந்தார். அங்கிருந்து சவுத் பாஸ் தீவிலுள்ள புட்-இன்-பே என்ற ஊர் ஏறக்குறைய முப்பது மைல். அத்தை பட்டுப் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டின் கலர் புடவைக்கு எடுபடவில்லை என்று வருத்தப்பட்டார். அக்காவும் தங்கையும் புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், மோர் மிளகாய், ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு என்று ஏற்றினார்கள். பெர்ரி துரை போருக்குப் போனபோதுகூட இத்தனை சரக்கு ஏற்றியிருக்க மாட்டார். அவரிடம் பிறகு வருகிறேன். சகலைக்குக் கேப்டன் பதவி, எனக்குக் கயிறு. படகு துறையை விட்டுப் போகும்போது கயிற்றை அவிழ்ப்பதும் வரும்போது கட்டுவதும் என் இலாகா. நடுவில் எனக்கு வேலை இல்லை, அபிப்பிராயமும் இருக்கக் கூடாது.

புதிய படகுகளில் ஒரு சுருள் கயிறு வைத்திருக்கிறார்கள். ஒரு முனை எஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் லைஃப் ஜாக்கெட்டில். ஓட்டுபவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவரையே வெட்டாது. 2021 முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் அதை மாட்டிக்கொண்டுதான் வேகம் எடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் இயற்றியவர்கள் முறுக்கை யோசிக்கவில்லை. டப்பா அத்தை மடியில். சகலை ஸ்டீயரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையை நீட்டினார். முறுக்கு எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். ‘டக்’ என்று எஞ்சின் நின்றது. சுற்றிலும் கரை தெரியாத தண்ணீர். அத்தை டப்பாவை மூடிவிட்டு, “பிள்ளையாரப்பா” என்றார். குழந்தைகள் அழத் தயாரானார்கள். சகலை நிதானமாகக் கயிற்றை மாட்டி, சாவியைத் திருப்பி, புறப்பட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் முறுக்குக்குக் கையை நீட்டினார். அதன்பின் முறுக்கு ஊட்டும் பொறுப்பும் கயிறு இலாகாவில் சேர்க்கப்பட்டது.

புட்-இன்-பேயில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் போவதில்லை. கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுகிற வண்டிகளை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். தீவு முழுக்க அவை ஊர்ந்துகொண்டிருக்கும். அத்தைக்கு அதில் ஏறிய நிமிடமே அமெரிக்கா பிடித்துப்போனது. ஹாரன் இல்லை, தூசி இல்லை, புடவை பறப்பதில்லை. வாடகை சாயங்காலம் வரைக்கும் என்பதை ரசீதில் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

தீவில் 352 அடி உயரத்துக்கு ஒற்றைத் தூண் ஒன்று நிற்கிறது. 1813 செப்டம்பர் 10-ஆம் தேதி ஆலிவர் ஹசார்ட் பெர்ரி என்ற இருபத்தெட்டு வயது இளைஞர் இந்த ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்படையைத் தோற்கடித்ததன் நினைவு. சகலையின் இஷ்டதெய்வம் அவர்தான். காரணம் வீரம் அல்ல. பெர்ரியின் கப்பலில் ஒரு கொடி பறந்தது. ‘கப்பலைக் கைவிடாதே’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடி வாங்கிக் கப்பல் சல்லடையானதும் பெர்ரி என்ன செய்தார்? கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒரு சிறிய துடுப்புப் படகில் இறங்கி, கப்பலைக் கைவிட்டுவிட்டு இன்னொரு கப்பலுக்குப் போய்விட்டார். போய்த்தான் ஜெயித்தார். அன்று காலையில் காற்றும் தென்மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பி அவருக்கு ஒத்துழைத்தது.

“பாத்தியா சகல, எப்பக் கிளம்பணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் 352 அடியில தூண் வைக்கிறான்” என்றார் தூணை அண்ணாந்து பார்த்தபடி. அந்தத் தூண் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுக்கும் இடையிலுள்ள சமாதானத்துக்கும் சேர்த்துத்தான் என்று பலகையில் போட்டிருந்தது. சண்டையில் செத்த இரு தரப்பு அதிகாரிகளையும் அடியில் ஒன்றாகப் புதைத்திருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. அதையெல்லாம் நான்தான் படித்தேன். சகலை ரேடியோவைக் காதில் வைத்திருந்தார்.

குரல் வாசித்தது: பிற்பகலில் காற்று வடக்காகத் திரும்பும். மாலைக்குள் 15 முதல் 25 நாட். அலை இப்போது ஓரடிக்கும் கீழே. மாலையில் நாலு முதல் ஆறு அடி. நாலு மணியிலிருந்து சிறு படகு எச்சரிக்கை.

மணி பன்னிரண்டரை. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. நாங்கள் மரத்தடியில் புளியோதரையைப் பிரித்திருந்தோம்.

“ஒரு மணிக்குக் கிளம்பறோம்” என்றார் சகலை.

நான்கு தலைமுறைப் பெண்கள் வந்தாலும் அப்படி ஒரு மௌனம் வாய்க்காது. இரண்டு தலைமுறைக்கே அன்று வாய்த்தது. முதலில் மீண்டவர் அத்தை.

“எங்க மாப்ள?”

“வீட்டுக்கு, அத்தை. காத்து திரும்பப் போகுது.”

“திரும்பட்டும். நாம சாயங்காலமா திரும்புவோம். வண்டிக்கு சாயங்காலம் வரைக்கும் காசு குடுத்திருக்கு.”

“நாலு மணிக்கு எச்சரிக்கை குடுத்திருக்கான் அத்தை.”

“நாலு மணிக்குத்தான? மூணரைக்குக் கிளம்புவோம்.” வானத்தை ஒருமுறை பார்த்தார். “எங்க ஊர்ல தோணிக்காரவுக வானத்தப் பாப்பாக. போனைப் பாக்க மாட்டாக. இந்த வானம் ரெண்டு நாளைக்குத் தாங்கும்.”

தோணியைப் பற்றி அத்தை பேசினால் மறுப்பதற்குச் சகலையிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் கணக்கு இருந்தது. டிஷ்யூ பேப்பரில் எழுதிக் காட்டினார். அலையில்லாத ஏரியில் படகு தண்ணீரின் மேல் எழும்பி மணிக்கு 25 மைல் ஓடும். முப்பது மைல் ஒன்றே கால் மணி நேரம். அலை மூன்றடி ஆகிவிட்டால் அந்த வேகத்தில் போக முடியாது. போனால் படகு தாங்கினாலும் நம் முதுகெலும்பு தாங்காது. எட்டு மைலுக்குக் குறைக்க வேண்டும். அப்போது அதே முப்பது மைல் நாலு மணி நேரம் ஆகும். “புயல் நம்ம பின்னாடியே வராது அத்தை. அது நம்மளை மெதுவாப் போக வச்சிட்டு, அப்புறமா சாவகாசமா வரும்.” தவிர, வடக்குக் காற்றுக்குக் கனடாக் கரையிலிருந்து வெர்மிலியன் வரை தடுப்பு ஒன்றும் இல்லை. எத்தனை தூரம் தடையில்லாமல் ஓடுகிறதோ அத்தனைக்கு அலை வளரும். தீவுகளின் மறைவை விட்டு வெளியே வந்த பிறகு கடைசிப் பாதி வழியில்தான் அது நம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும்.

கணக்கு சரி. அதைக் கேட்டவர்கள் எல்லோரும் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பிரச்சினை. பசியடங்கி மரநிழலில் கால் நீட்டியவரிடம் நாலு மணி நேரம் கழித்து வரப்போகும் காற்றைப் பற்றிப் பேசி ஜெயித்த கேப்டன் சரித்திரத்தில் இல்லை. மதினி, “என்னங்க, ஒரு ஐஸ்கிரீம் சாப்டுட்டு…” என்று ஆரம்பித்தார். குழந்தைகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் கடையில் வரிசை. சகலை வரிசையில் நிற்காமல் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, ஏரிக்கரைக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி தொங்கியது. தொங்குகிற கொடியைவிட ஒரு மனிதனை அவமானப்படுத்தக்கூடிய பொருள் வேறில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கயிற்றை அவிழ்த்தேன். வண்டியை இரண்டே கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போதே திருப்பிக் கொடுத்த துக்கத்தில் அத்தை சாவியைக் கொடுக்கையில் அந்தப் பையனிடம் தமிழிலேயே நியாயம் கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினான்.

ஏரி அசையவில்லை. கெலிஸ் தீவு இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் மார்பிள்ஹெட் கலங்கரை விளக்கம் வெள்ளை வெளேரென்று நின்றது. 1822 முதல் இன்றுவரை இடைவிடாமல் எரிகிற விளக்கு; பேரேரிகளின் அமெரிக்கக் கரையில் அத்தனை காலம் நிற்காமல் வேலை பார்த்த விளக்கு வேறில்லை. அதற்கப்புறம் சீடர் பாயிண்ட் பொழுதுபோக்குப் பூங்காவின் ரோலர் கோஸ்டர்கள் கரை நெடுக வளைந்து நின்றன. மனிதர்கள் காசு கொடுத்துத் தலைகீழாகத் தொங்கி அலறும் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. ஏரி அவ்வளவு அமைதி. “அங்கன இருக்கவுகளுக்குக்கூட நம்மள விட ஆட்டம் சாஸ்தி” என்றார் அத்தை.

எதிரே படகுகள் வந்தன. ஒன்றிரண்டல்ல. பாட்டுப் போட்டுக்கொண்டு, பியர் டின்னை உயர்த்திக்கொண்டு, தீவை நோக்கிப் போனார்கள். எங்களைப் பார்த்ததும் கை ஆட்டினார்கள். தண்ணீரில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் கை ஆட்டுவது இங்கே வழக்கம். ரோட்டில் அதே ஆட்கள் அதே விரல்களில் ஒன்றை மட்டும்தான் காட்டுவார்கள். ஒவ்வொரு படகு கடக்கும்போதும் எங்கள் படகில் ஒரு பார்வை சகலையின் முதுகில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் இன்னும் நேரானது. என் மனைவி என் காதில், “அத்தான் பாவம்” என்றாள். அவளும் அந்தப் பார்வையைப் பார்த்தவள்தான்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று புரிந்தது. சகலைக்கு வேண்டியது எங்கள் பாதுகாப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதுகாப்பாகக் கரை சேர்ந்த அடுத்த நிமிடமே அவருக்குப் புயல் வேண்டும். வராத புயலுக்குப் பயந்த மனிதன் என்று மாமியார் தூத்துக்குடி முழுக்கச் சொல்லப்போவதை நினைத்தால், எந்த மருமகனும் காற்றைக் கும்பிட்டுத்தான் கூப்பிடுவான்.

ஹூரான் ஊரைத் தாண்டியபோது நிலைமை சற்று நம்பிக்கை தந்தது. காற்று சுத்தமாக நின்றது. பிறகு வடக்கிலிருந்து தண்ணீரின் மேல் கருநீலமாக ஒரு கோடு நகர்ந்து வந்தது. அது வந்து தொட்டதும் அத்தையின் முந்தானை முதல் முறையாகப் பறந்தது. சகலை ஒன்றும் சொல்லாமல் அதைக் கண்ணால் மட்டும் எனக்குக் காட்டினார். கடைசி ஐந்தாறு மைல் தண்ணீர் முடிச்சு முடிச்சாக எழுந்தது. ஒன்றரை அடி, இரண்டடி. முன்பக்கம் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பின்பக்கம் வரச் சொன்னார். இந்த மாதிரி மோட்டார் படகில் பின்பக்கம்தான் குலுக்கல் குறைவு. வேகத்தைக் குறைத்தார். அலை நேரே பக்கத்தில் மோதாதபடி படகின் மூக்கைக் கொஞ்சம் வடக்கே வைத்து, பிறகு கரைப்பக்கம் திருப்பி, கோணல்மாணலாக ஓட்டினார். ஒரே ஒரு அலை தலைக்கு மேல் தெறித்து முறுக்கு டப்பாவுக்குள் விழுந்தது. அத்தை முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்து, “உப்பு போதல” என்றார்.

ஆற்று முகத்துக்குள் நுழைந்ததும் தண்ணீர் அடங்கியது. கட்டினேன். உறை போட்டோம். அப்போது சூரியன் மறுபடியும் பளிச்சென்று அடித்தது. மரத்து இலை ஆடவில்லை. மணி மூன்றேகால். படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரர் சாவகாசமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். சகலை அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத்தில் கொண்டுவர முயலப் போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் பேச்சு வண்டி வாடகை பற்றித்தான்.

ஈரி ஏரியின் மேற்கே நடுத் தண்ணீரில் அரசாங்கம் ஒரு மிதவை விட்டிருக்கிறது. எண் 45005. குளிர்காலத்தில் கரையேற்றிவிடுவார்கள், மற்ற மாதங்களில் அது அங்கே தனியாக ஆடிக்கொண்டு காற்றின் வேகம், அலையின் உயரம், இரண்டு அலைக்கு இடையில் எத்தனை நொடி என்பதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். சகலை சோபாவில் உட்கார்ந்து அதைத் திறந்தார். ஐந்து மணிக்கு இரண்டடி. ஆறு மணிக்கும் இரண்டடி. மனிதர் காபி வேண்டாம் என்றார். தேர்தல் முடிவு வருகிற நாளில் டெபாசிட் பறிபோகும் வேட்பாளர்கள்தான் அப்படிக் காபி வேண்டாம் என்பார்கள்.

“என்ன சகல, ஏறுதா?” என்று கேட்டேன்.

“ஏறும்” என்றார். குரலில் பக்தி.

ஏழு மணிக்கு மூன்றரை. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் லேசாகத் தலையசைத்தது. அவர் கதவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு வந்தார். குழந்தைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆளுக்கொரு சாக்லேட் பந்தயம் கட்டினார்கள். பெரியவள் அப்பா கட்சி. சின்னவன் ஆச்சி கட்சி. எட்டு மணிக்கு மேப்பிள் மரம் நன்றாகவே ஆடியது. சகலை போனைத் திறந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அடுப்பங்கரையை நோக்கி ஓடினார்.

“அஞ்சேகால் அடி! அத்தை, அஞ்சேகால்! நாலு நொடிக்கு ஒண்ணு!”

அத்தை தோசை வார்த்துக்கொண்டிருந்தார். தோசையைத் திருப்பிப் போட்டார். “அப்படியா மாப்ள” என்றார். நிஜமாகவே கவலைப்பட்டார். “அப்போ நம்மளப் பாத்துக் கை ஆட்டிட்டுப் போனாகளே, அவுக கதி?”

சகலை இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஞானம் உள்ளவர், உண்மையைச் சொன்னார். “அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது அத்தை. காத்து வந்துட்டா யாரும் வெளிய வர மாட்டாங்க. படகைத் துறையில கட்டிட்டு ராத்திரி அங்கயே தங்கிருவாங்க. காலையில அடங்கினதும் வருவாங்க.”

அத்தையின் கையில் தோசைத் திருப்பி அந்தரத்தில் நின்றது.

“அங்கயே தங்கலாமா?”

“தங்கலாம்.”

“அப்போ நாமளும் தங்கியிருக்கலாம்ல? எதுக்கு இப்படி அரக்கப் பரக்க ஓடி வந்தோம்? வண்டியும் சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. ஐஸ்கிரீமும் முழுசாச் சாப்பிடல.” மகள்களைப் பார்த்தார். மகள்கள் சகலையைப் பார்த்தார்கள். ஐந்தேகால் அடி அலை, 45005-ஆம் எண் மிதவை, பெர்ரி துரை எல்லாரும் சேர்ந்து கட்டிய கோட்டை அந்த அடுப்பங்கரையில் சரிவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். கயிறு இலாகா என்பதால் வாய் திறக்கவில்லை.

சகலை போனில் வேறு எதையோ தேடினார். தேடி, அத்தையிடம் நீட்டினார். அன்றைக்குத் தீவில் மிச்சமிருந்த ஓர் ஓட்டல் அறையின் ஒரு ராத்திரி வாடகை. அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். டாலரை ரூபாய்க்கு மாற்றினார். எங்கள் தலைகளை எண்ணி, எத்தனை அறை வேண்டும் என்று பார்த்து, பெருக்கினார். அடுப்பில் தோசை தீய்ந்தது.

அன்று ராத்திரியே தூத்துக்குடிக்குப் போன் போனது. அங்கே காலை நேரம். சின்ன அத்தை எடுத்தார்கள். “மூத்த மாப்ள மாதிரி வருமாடி? காத்து வரப் போகுதுன்னு முன்னாலயே தெரிஞ்சு, ஒத்தப் பைசா வீண் செலவு இல்லாம நேரத்தோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாக” என்று அத்தை ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டிருந்தார். புயல் எத்தனை அடி என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

“அது கெடக்கு. ரூம் வாடகை என்னன்னு கேளு.”